ரூபாய்க்கு எட்டணா

அரசாங்கத்தின் உடற்கூறுப் படத்தில் வாய் கிடையாது. இதயம் இருக்கிறது. சிறுநீரகம் இருக்கிறது. புரை விழுந்த கண்ணும் தேய்ந்த மூட்டும் இருக்கின்றன. மூக்குக்கும் தாடைக்கும் நடுவே காலி இடம். சந்தேகமிருந்தால் பீரோவில் கிடக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பல் பற்றிப் பேசுகிற இடத்தில் எழுத்து சிறுத்துப் போயிருக்கும். பெரும்பாலான பாலிசிகளில் விதி இதுதான்: விபத்தில் பல் உடைய வேண்டும், அதற்காக ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், அப்புறம் பார்க்கலாம். சொத்தை, சீழ், ஆட்டம், ஈறு கரைவது எல்லாம் உங்கள் குடும்ப விவகாரம்.

ஆகவே பல் கட்டிக்கொள்ள விரும்பும் குடிமகன் முதலில் ஸ்கூட்டரிலிருந்து விழ வேண்டும். கை, கால் படக் கூடாது. வாய் பட விழ வேண்டும். விழுந்த பிறகு 24 மணி நேரம் வார்டில் கிடக்க வேண்டும். பல் டாக்டரிடம் கட்டில் இருக்காது, நாற்காலிதான் இருக்கும் என்பது இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

வாய் உடம்போடு சேர்ந்ததில்லை என்பது மருத்துவ உண்மை என்றால் எல்லோருக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்? மத்திய அரசின் சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் விலைப்பட்டியலைப் பாருங்கள். பல் பிடுங்க ஒரு விலை, வேர்ச்சிகிச்சைக்கு ஒரு விலை என்று ஒழுங்காகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இடம் உண்டு. முன்னாள் உறுப்பினர்களுக்கும் உண்டு. அவர்களுக்கு வாய் ஓர் உறுப்பு. தொழிற்கருவி என்றே சொல்லலாம். நமக்கு அது ஆடம்பரம்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல்பொடி கொடுத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். பல்பொடி கொடுப்பதா ஆட்சி என்று கேட்டார்கள். பிறகு விவரம் தெரிந்தவர்கள் 2017இல் டெல்லியில் உட்கார்ந்து ஜி.எஸ்.டி. போட்டார்கள். பற்பசைக்குக் கடைசியில் 18 சதவீதம் என்று நின்றது. தங்கத்துக்கு 3 சதவீதம். கழுத்தில் போட்டால் 3, வாயில் போட்டால் 18. இந்த மயக்கம் தெளிய எட்டு வருஷம் பிடித்தது. 2025 செப்டம்பர் 22இல் பற்பசையை 5 சதவீதத்துக்கு இறக்கினார்கள். இறக்கியதற்குத் திருவிழா கொண்டாடச் சொன்னார்கள். இடைப்பட்ட எட்டு வருஷத்தில் விழுந்த பற்களுக்கு யாரும் விழா எடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் உச்சவிலை கட்டினார்கள். மருந்து பூசியது 29,600 ரூபாய். அதே ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கும் கட்டினார்கள். நல்ல காரியம். யாரும் குறை சொல்லவில்லை. தாடை எலும்பில் திருகும் இம்ப்ளான்ட் என்ற டைட்டானியம் ஆணிக்கு அப்படி ஒரு உச்சவிலை வரவில்லை. இதயம் நின்றால் ஆள் ஒரே நாளில் செத்துப் பத்திரிகையில் வந்துவிடுகிறான். பல் போனவன் சத்தமில்லாமல் ரசஞ்சோற்றைப் பிசைந்து விழுங்கிக்கொண்டு இருபது வருஷம் இருக்கிறான். செய்தியாக மாட்டான்.

இனி ஆளைப் பார்ப்போம். திருப்பூரில் பன்னிரண்டு மிஷின் போட்டு பவர்டேபிள் நடத்துகிற ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர். கம்பெனியிலிருந்து கட்டிங் வரும். தைத்துக் கொடுத்தால் பீசுக்கு இவ்வளவு. தையல்காரர்களுக்குக் கூலி சனிக்கிழமை தவறக் கூடாது. கம்பெனியிலிருந்து இவருக்கு வர வேண்டிய பணத்துக்குக் கிழமை கிடையாது. மிஷின் லோன் ஒன்று, வீட்டு நகை பேங்கில், கைமாற்று நாலு இடத்தில். இதுவரை எல்லாம் ஊர் வழக்கம்தான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி என்றது அமெரிக்கா. வாஷிங்டனில் ஒரு வாய் திறந்தது. திருப்பூரில் ஆயிரம் வாய் மூடிக்கொண்டது. ஆர்டர் நின்றது. கட்டிங் நின்றது. சனிக்கிழமை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

இவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்த்துவிடும் என்பது எந்த டாக்டரும் சொல்லும் சங்கதி. ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படாது, சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு தேறாது. மேல் வரிசை முழுக்க ஆட்டம். கீழே கடைவாய் இரண்டு பக்கமும் காலி. ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிப் பார்த்த டாக்டர், எலும்பே கரைந்திருக்கிறது, இனி ஒவ்வொன்றாக ஒட்டுப்போட முடியாது, மொத்தமாக எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைக்க வேண்டும் என்கிறார். இம்ப்ளான்ட் ஒன்று இருபத்தைந்தாயிரத்தில் தொடங்கும், ஐம்பதாயிரம் வரை போகும். வாய் முழுக்க என்றால் லட்சத்தில் பேச வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் அந்த அட்டை. பன்னிரண்டு மிஷின்காரர் காகிதத்தில் பணக்காரர். வாயில் மட்டும்தான் ஏழை.

அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் இருக்கிறது, சிதம்பரத்தில் இருக்கிறது, புதுக்கோட்டையில் 2023இல் திறந்தார்கள். அங்கே கை வைக்கிறவர்கள் நல்ல கைக்காரர்கள்தான். திருப்பூரிலிருந்து ஒவ்வொரு சிட்டிங்குக்கும் பஸ் ஏறி, வரிசையில் நின்று, அடுத்த தேதி வாங்கித் திரும்ப வேண்டும். போகிற நாளில் யூனிட்டில் ஆள் இல்லை என்று தெரிந்தால் கடன்காரர்கள் ஊரை விட்டே ஓடிவிட்டான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். திவால் விளிம்பில் நிற்பவனுக்குப் பல்வலியைவிடப் பயம், தன்னைக் காணோம் என்று நாலு பேர் சொல்லிவிடுவது.

ஆகவே ஏ.சி. போட்ட கிளினிக். அங்கே டாக்டருக்கு முன்னால் உங்களைப் பார்ப்பது கையில் டேப் வைத்த ஒரு பெண். கோஆர்டினேட்டர் என்று பெயர்.

“பேமென்ட் பத்திக் கவலைப்படாதீங்க சார். பான், ஆதார் ரெண்டும் கையில இருக்குங்களா?”

“வாய் வலிக்குதுன்னுதானுங்க அம்மிணி வந்தேன்.”

“அதுக்குத்தானுங்க சார் பான் கார்டு.”

வாயைத் திறப்பதற்கு முன்னால் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிடுகிறார்கள். சில நிமிஷத்தில் கடன் பாஸ். ரத்தப் பரிசோதனை முடிவுக்குச் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். கடன் பரிசோதனைக்கு அந்தத் தாமதமெல்லாம் கிடையாது. நோ காஸ்ட் ஈ.எம்.ஐ. என்கிறார்கள். வட்டி பூஜ்யமாம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையவே கிடையாது, அது வேறு பெயரில் உள்ளே வந்துவிடும் என்ற பொருளில் 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிராசஸிங் கட்டணம் என்ற பெயரில் வந்தால் அது வட்டி ஆகாது என்று நாம் நம்ப வேண்டும். நம்புகிறோம். வலிக்கிற வாய் எதையும் நம்பும்.

டாக்டரைத் திட்ட நினைத்தால் அவசரப்படாதீர்கள். நாட்டில் முந்நூறுக்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள். பெரும்பாலானவை தனியார். லட்சங்களைக் கொட்டிப் படித்து வெளியே வந்த பிள்ளைக்கு இன்னொருவர் கிளினிக்கில் கிடைக்கிற சம்பளம் கடைப் பையன் சம்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சொந்தமாகக் கிளினிக் போட்டால் நாற்காலிக்குக் கடன், ஸ்கேன் மிஷினுக்குக் கடன், அட்வான்ஸுக்குக் கடன். பல் டாக்டர் வேண்டிய ஊர்களில் டாக்டர் இல்லை. டாக்டர் இருக்கிற தெருவில் எதிர் வீட்டிலும் டாக்டர். ஆக, அந்த அறையில் இரண்டு கடனாளிகள் எதிரெதிரே இருக்கிறார்கள். ஒருவர் வாயைத் திறந்துகொண்டு, ஒருவர் டிரில்லைப் பிடித்துக்கொண்டு. இருவருக்கும் கடன் கொடுத்தவர் அங்கே இல்லை. அவருக்குப் பல் நன்றாக இருக்கிறது.

முதல் மூன்று தவணை கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். நாலாவது தவணை சனிக்கிழமைக் கூலியோடு மோதியது. கூலி ஜெயித்தது. போன் வர ஆரம்பித்தது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கருணைதான். தமிழ்நாட்டில் இன்னும் கருணை அதிகம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடுத்த சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. மிரட்டி வசூலித்தால் சிறை என்று 2025இல் இன்னொன்று. சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. மீட்டருக்கும் குறைச்சல் இல்லை.

நடுவில் ஊர் ஒரு தீர்ப்பு எழுதும். “கழுத்துக்கு மேல கடன். இதுல பல்லு ஒரு கேடா?” இந்த வாக்கியத்தைச் சொல்கிற ஒவ்வொருவருக்கும் முப்பத்திரண்டும் இருக்கும். கடன் வாங்கியவன் கல்யாணத்துக்கு வாங்கலாம், காதுகுத்துக்கு வாங்கலாம், ஊர் மெச்ச ஃபிளெக்ஸ் வைக்க வாங்கலாம். சோற்றை மெல்ல வாங்கினால் ஊதாரி. பல் கட்டாமல் இருந்தாலும் தப்ப முடியாது. தொழில் செய்கிற ஊரில் முகம்தான் ஜாமீன். கன்னம் ஒட்டிப் போனவனுக்கு நூல் கடைக்காரர் கடன் நிறுத்திவிடுவார். பல் கட்டியவனைப் பார்த்தால், “சிரிக்கக் காசிருக்கு, எனக்குக் கொடுக்க இல்லையா?” என்று பணம் கொடுத்தவர் வாசலில் உட்கார்ந்துவிடுவார்.

சரி, எல்லாம் முடிந்தது. மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்கிறார். கோர்ட்டில் ஐ.பி., அதாவது திவால் மனு, போட வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ்? இங்கேதான் வேடிக்கை ஆரம்பிக்கிறது.

2016 மே மாதம் நாடாளுமன்றம் புத்தம் புதிய திவால் சட்டத்தை நிறைவேற்றியது. உலகத் தரம் என்றார்கள். அதில் கம்பெனிகளுக்கு ஒரு பகுதி, தனிமனிதர்களுக்கு ஒரு பகுதி. கம்பெனிப் பகுதி அதே ஆண்டு கடைசியில் ஓட ஆரம்பித்துவிட்டது. தனிமனிதர் பகுதியில் ஒரே ஒரு ஜன்னலை 2019 டிசம்பர் 1 அன்று திறந்தார்கள். கம்பெனி வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கான ஜன்னல். அவர்களைப் பிடிக்கத்தான் திறந்தோம் என்றார்கள். நம் பவர்டேபிள்காரருக்கான கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது. அவருக்குச் செல்லுபடியாகும் சட்டம் 1920ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. கடன் 500 ரூபாய் இருந்தால் மனுப் போடலாம் என்கிறது. 500 ரூபாய்க்கு இன்று பல்லைச் சுத்தம்கூடச் செய்ய மாட்டார்கள். சென்னைவாசி என்றால் இன்னும் பழசு, 1909.

அந்த 1920 சட்டத்தின் 42ஆம் பிரிவை எல்லோரும் ஒரு தடவை படிக்க வேண்டும். திவாலானவனின் சொத்து, ஜாமீனில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது தேறாவிட்டால் அவனுக்குக் கடனிலிருந்து முழு விடுதலை மறுக்க வேண்டும். அந்த நிலை தன் தப்பால் வந்ததில்லை என்று அவனே நிரூபித்தால் ஒழிய. 1957இல் அணா செத்துப் போனது. இந்தச் சட்டத்துக்குள் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. சூதாட்டம், கண்மூடித்தனமான வியாபாரம், நியாயமில்லாத ஆடம்பர வாழ்க்கை இவற்றால் திவாலானாலும் முழு விடுதலை கிடையாது. கடன் கொடுத்தவரின் வக்கீல் எழுந்து கேட்பார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். “கனம் கோர்ட்டார் அவர்களே, மனுதாரர் வாயைத் திறக்கட்டும். பீங்கான் பல்! ஆடம்பரம் வேறு எதற்குப் பெயர்?”

ஜப்தி விதியும் இருக்கிறது. 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம், கடனாளியின் துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை இவற்றைத் தொடக் கூடாது என்கிறது. பாத்திரத்தை விட்டுவிடுவார்கள், சமைக்கலாம். படுக்கையை விட்டுவிடுவார்கள், படுக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு காரியம் உண்டே, மெல்வது, அதைப் பற்றிச் சட்டம் எழுதியவர் யோசிக்கவில்லை. அவருக்குச் சமைத்ததும் படுக்கப் போய்விடும் வழக்கம் போலிருக்கிறது.

ரூபாய்க்கு எட்டணா என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு கம்பெனிப் பக்கம் வாருங்கள்.

சென்னையைச் சேர்ந்த சிவா இண்டஸ்ட்ரீஸ் அண்ட் ஹோல்டிங்ஸ். வங்கிகளுக்குப் பாக்கி சுமார் 4,863 கோடி ரூபாய். சமரசமாகத் தருவதாகச் சொன்ன தொகை சுமார் 328 கோடி. சென்னைக் கம்பெனித் தீர்ப்பாயம் முடியாது என்றது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் முடியாது என்றது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சரி என்றது. கடன் கொடுத்தவர்கள் கமிட்டி 90 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டால் அந்த வணிக ஞானத்தில் கோர்ட் தலையிடாது என்பது தத்துவம். ஞானம் என்றால் ரூபாய்க்கு ஒரு அணா. கொஞ்சம் கூட இருக்கலாம்.

வீடியோகான் குழுமம். கேட்கப்பட்ட பாக்கி எழுபதாயிரம் கோடியைத் தாண்டியது. வாங்க வந்தவர் தருவதாகச் சொன்னது 2,962 கோடி. 2021 ஜூனில் மும்பைத் தீர்ப்பாயம் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புதல் கொடுத்தது. ரூபாய்க்கு முக்கால் அணாகூடத் தேறவில்லை. அடுத்த ஜனவரியில் மேல்முறையீட்டில் அந்த ஒப்புதல் ரத்தானது வேறு கதை. ஒப்புக்கொண்டு ஓட்டுப் போட்டவர்கள் நம் பணம் இருக்கிற வங்கிகள் என்பதுதான் இங்கே கதை. இதே வங்கியில்தான் நம்மவர் மிஷின் லோனுக்கு இரண்டு தவணை தள்ளிப்போட முடியுமா என்று கேட்டு மேனேஜர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஞானம் அன்று லீவில் போயிருந்தது.

2014-15 தொடங்கிப் பத்து நிதியாண்டில் வங்கிகள் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்ட வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு. கூடவே, இது தள்ளுபடி இல்லை, வசூல் தொடரும் என்றும் சொன்னார்கள். தொடரட்டும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி இன்னொரு கதவையும் காட்டியது. வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர் என்று பட்டியலில் உள்ளவரோடும் வங்கி சமரசம் செய்துகொள்ளலாமாம். அவர் சமரசம் செய்தால் அதன் பெயர் தீர்வு. நம் ஆள் பல் கடனை நாலில் மூன்று பங்கு கட்டி, மீதியைக் கெஞ்சிக் குறைத்து முடித்தால் சிபில் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று விழும். அது ஏழு வருஷம் நெற்றியில் நிற்கும். அடுத்த கடன்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு இவர் முகத்தைப் பார்க்க மாட்டார்.

மல்லையாவை விட்டுவிட்டு இதைப் பேசினால் மல்லையா கோபித்துக்கொள்வார். 2016 மார்ச்சில் வங்கிக் கடன் பாக்கியோடு லண்டனுக்கு விமானம் ஏறியபோது அவர் மாநிலங்களவை உறுப்பினர். விடுதலை பெறாத திவாலானவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 102ஆவது பிரிவு. அவர் இருந்தார். ஏனென்றால் இங்கே யாரும் அவரைத் திவாலானவர் என்று அறிவிக்கவில்லை. அந்த மே மாதம் அவர் ராஜினாமா செய்தார், அதே மே மாதம் அதே அவை திவால் சட்டத்தை நிறைவேற்றியது. அவரைத் திவாலானவர் என்று அறிவிக்க 2021 ஜூலையில் லண்டன் கோர்ட் வர வேண்டியிருந்தது. நம்மவருக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஒரு செக் திரும்பினால் போதும், ஊர்ச் சலூனிலேயே அறிவித்துவிடுவார்கள்.

அந்த 2016 சட்டத்தில் ஏழைகளுக்கென்று ஒரு அத்தியாயம் எழுதினார்கள் என்பதை மறைக்கக் கூடாது. புதிய தொடக்கம் என்று பெயர். கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. தகுதி என்ன? ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சொத்து 20,000க்கு மேல் கூடாது. சொந்த வீடு கூடாது. மன்னிக்கப்படும் கடன் 35,000 ரூபாய்க்குள். மாதம் ஐயாயிரம் சம்பாதிக்கிறவனுக்கு எந்தப் புண்ணியவான் 35,000 கடன் கொடுப்பான் என்று கேட்காதீர்கள். கடன் அதற்குள் அடங்கினால் மன்னிப்பு. சந்தை நிலவரப்படி 35,000 ரூபாய் என்பது ஒரு இம்ப்ளான்ட். சட்டம் உங்களுக்கு மனமுவந்து மன்னிக்கத் தயாராக இருப்பது ஒரே ஒரு பல். அந்த ஒரு பல்லையும் இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை.

கம்பெனிப் பக்கம் உச்சவரம்பு கிடையாது. கீழ்வரம்புதான். 2020 மார்ச் 24 முதல், ஒரு கோடி ரூபாயாவது பாக்கி இருந்தால்தான் தீர்ப்பாயம் திரும்பிப் பார்க்கும். அதற்கு முன் ஒரு லட்சம் போதும். நோய்த்தொற்றுக் காலத்தில் சிறு நிறுவனங்களைக் காப்பாற்றத்தான் ஏற்றினோம் என்றார்கள். நோய் போய்விட்டது. ஒரு கோடி அப்படியே இருக்கிறது. சின்னவன் நிறைய வாங்கினால் மன்னிப்பு இல்லை. பெரியவன் குறைச்சலாக வாங்கினால் மரியாதை இல்லை.

கம்பெனி பிழைத்தால் நூறு குடும்பம் பிழைக்கும், பல் பிழைத்தால் யார் பிழைப்பார் என்று டி.வி. விவாதத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் கேட்பார். கேள்வி நியாயமானது போலவே இருக்கும். பன்னிரண்டு மிஷின் என்பது இருபது பேர் வேலை. செக்கிங் பார்க்கும் பெண்கள், அயர்ன் மாஸ்டர், டீ வாங்கி வரும் பையன் வரை அந்த ஷெட்டில்தான் சோறு. அந்த இருபது பேருக்கு ஓட்டுப் போடும் கமிட்டி கிடையாது. அவர்களுடைய முதலாளி வலியோடு, வாயைப் பொத்திக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, சர்க்கரை ஏறி ஒரு நாள் மிஷின் மேலேயே சாய்ந்தால் மட்டும் இன்சூரன்ஸ் விழிக்கும். அப்போது அது ஆஸ்பத்திரிச் செலவு. பல்லுக்குக் கொடுக்காத பணத்தைப் போல் பல மடங்கை ஐ.சி.யூ.வுக்குக் கொடுப்பார்கள். சிக்கனம் என்றால் இதுதான் சிக்கனம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு யோசனை. இனி யாரும் தன் பெயரில் பல் கட்டாதீர்கள். முதலில் ஒரு பிரைவேட் லிமிடெட் பதிவு செய்யுங்கள். குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டம். மேல்தாடை, கீழ்த்தாடை. நாக்கை நிர்வாக இயக்குநராகப் போடலாம், எலும்பில்லாத ஆள், எதற்கும் வளைந்து கொடுக்கும். தொழில்: அரைவைத் துறையில் உட்கட்டமைப்பு வளர்ச்சி. முப்பத்திரண்டு இம்ப்ளான்ட்டுக்கும் திட்ட அறிக்கை போடுங்கள். மறந்துபோய் லட்சத்தில் கேட்டுவிடாதீர்கள். லட்சத்தில் கேட்டால் ஜாமீன் எங்கே என்பார்கள், கோடியில் கேட்டால் காபி கொடுப்பார்கள். ஆயிரம் கோடி என்றால் முந்திரிப் பருப்போடு கொடுப்பார்கள். அமைச்சரை அழைத்து முதல் பல்லுக்கு அடிக்கல் நாட்டுங்கள்.

இரண்டு வருஷம் நன்றாக மெல்லுங்கள். மூன்றாம் வருஷம் தவணையை நிறுத்துங்கள். பயம் வேண்டாம். வசூல் பையன் வர மாட்டான். கூட்டம் கூட்டுவார்கள். ஐந்து நட்சத்திர ஓட்டலில் கமிட்டி உட்காரும். நிறுவனத்தைக் கலைத்தால் பற்களுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்று மதிப்பீட்டாளர் அறிக்கை கொடுப்பார். பிடுங்கிய பல்லை யாரும் வாங்க மாட்டார்கள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ரூபாய்க்கு ஒரு அணா தருகிறேன் என்று நீங்கள் எழுந்து நின்று சொல்லுங்கள். குரல் தழுதழுத்தால் நல்லது. கை தட்டி, ஓட்டுப் போட்டு, வணிக ஞானம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். மீதிப் பதினைந்து அணா பொதுமக்கள் கணக்கில் ஏறும். அவர்களுக்குப் பல் கிடையாது. கடிக்க மாட்டார்கள்.